வாயில் இருக்கும் உலோகம் எது? பல் கேப், அடைப்பு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்காவுக்குக் கவரிங் நகை ஆகாது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது போட்ட தோடு காது மடலைப் புண்ணாக்கி, கடைசியில் வேப்பங்குச்சி செருகித்தான் ஆறியது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் 38 வயதில் வேர் சிகிச்சை முடித்துக் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடும்போது இதை டாக்டரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "மெட்டல் கேப் வேண்டாம் டாக்டர், செராமிக்கே போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவரும் செராமிக்தான் போட்டார்.

எட்டு மாதத்தில் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து தடித்தது. விரல் இடுக்குகளில் கடுகு அளவில் நீர்க் கொப்புளங்கள், ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. சோப்பை மாற்றினோம், பாத்திரம் தேய்க்கும் பவுடரை மாற்றினோம், கத்திரிக்காயை நிறுத்தினோம். கேப்பை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அது செராமிக்தானே!

அந்த செராமிக்குக்குள் இருந்தது நிக்கல். இங்கே பல் கிளினிக்குகளில் "செராமிக் கேப்" என்றால் பெரும்பாலும் முழு செராமிக் அல்ல. உள்ளே அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் உலோகக் கூடு, அதன்மேல் பல் நிறத்தில் சுட்டெடுத்த செராமிக் பூச்சு. டாக்டர்கள் இதை பிஎஃப்எம் என்பார்கள். டாக்டர் பொய் சொல்லவில்லை, அக்கா கேட்டதும் தப்பில்லை. ஒரே சொல் இருவருக்கும் வேறு வேறு பொருளாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தேடலில் நாங்கள் ஒன்றரை வருடம் அலைந்தோம். நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியது இரண்டு பட்டியல்கள். உங்கள் வாயில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்பது ஒன்று. உங்கள் உடம்புக்கு எந்த உலோகம் ஆகாது என்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரே பெயர் வந்தால்தான் பேச்சு. ஒரு பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கேப்பையும் கழற்றச் சொல்லாதீர்கள்.

படி 1: இது உலோக ஒவ்வாமைதானா என்று முதலில் பாருங்கள்

உலோக ஒவ்வாமை தாமதமாக வருவது. எச்சிலில் உலோகம் மிக மிகக் கொஞ்சமாகக் கரைகிறது. அந்த அயனிகள் நம் உடம்பின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியமென்று அடையாளம் வைத்துக்கொள்கின்றன. இறால் சாப்பிட்டதும் தடிப்பு கிளம்புவது வேறு வகை. இது நாட்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லத் தலைகாட்டும். அதனால் "கேப் போட்ட அன்றைக்கு ஒன்றும் ஆகலையே" என்பது எதையும் நிரூபிக்காது.

வாய்க்குள் பார்க்க வேண்டியவை: உலோகம் தொடும் இடத்தில் கன்னத்தின் உட்புறமோ நாக்கின் ஓரமோ கோலம் போட்டது போல வெள்ளைக் கோடுகள், கேப்பின் விளிம்பை ஒட்டி விடாத ஈறுச் சிவப்பு, எரிச்சல். இடம் முக்கியம். கோடுகள் அந்த அடைப்பு உரசும் இடத்தில் மட்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வாய் முழுக்கப் பரவியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

வாய் அமைதியாக இருந்து உடம்பு கத்துவதும் உண்டு. எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பதால் வாய்த் தோல் பலவற்றைத் தாங்கிவிடும். கை விரல்கள், உதட்டைச் சுற்றிய இடம், கண் இமை இவற்றில் அரிப்பும் கொப்புளமும் வரலாம். அக்காவுக்கு விரல்தான் முதலில் சொன்னது.

இனி, உலோகத்தின் மேல் பழி போடுவதற்கு முன் தள்ள வேண்டியவை. ஈறு சிவப்புக்கு முதல் காரணம் ஒவ்வாமை அல்ல. விளிம்பு சரியாகப் பொருந்தாத கேப்பின் அடியில் சேரும் அழுக்கு. பல்செட்டுக்கு அடியில் சிவந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அக்ரிலிக் பல்செட்டில் கெட்டியாகாமல் மிச்சமிருக்கும் மூலப்பொருளான மோனோமரும், தற்காலிக அடைப்பில் வரும் கிராம்புத் தைலச் சத்தான யூஜினாலும், பற்பசையின் புதினா, பட்டை வாசனையும்கூட ஒவ்வாமை தரும். புதிதாக அடைத்த பல்லில் இன்னொரு உலோகம் பட்டதும் சுரீர் என்று ஒரு ஷாக் அடித்தால் அது இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஓடும் சின்ன மின்சாரம். சாக்லேட்டின் வெள்ளித்தாளைக் கடித்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். அது ஒவ்வாமை கிடையாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவருக்கு வாயில் வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் உலோக ஆராய்ச்சியை ஓரம் வையுங்கள். முதலில் வாய் நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சதைப் பரிசோதனை வேண்டுமென்றால் தள்ளிப்போடக் கூடாது. அதேபோல, பல் சிகிச்சையின்போதோ முடிந்த கையோடோ நாக்கு, தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசர சிகிச்சைக்கான விஷயம். முதுகில் பட்டை ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டெல்லாம் அப்புறம்.

படி 2: வாய்க்கு ஒரு வரைபடம் போடுங்கள்

இதற்கு வேண்டியது செல்போன் டார்ச், சின்னக் கண்ணாடி, பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள். செல்ஃபி எடுக்க முயலாதீர்கள், கடைவாய் தெரியாது. கன்னத்தை ஒரு ஸ்பூன் காம்பால் ஒதுக்கிப் பிடித்து மெதுவாக வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது எளிது.

பல்லுக்கு எண் வைக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக் சீட்டில் வருவது இந்த எண்தான். உங்கள் வலது மேல் பகுதி 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. நடுவிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை. 46 என்றால் வலது கீழ்ப் பகுதியில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். அக்காவின் வில்லன் அதுதான். ஒரு தாளில் எண்ணைப் போட்டு, எதிரே நிறம், வைத்த வருடம், எந்த ஊர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கண்ணுக்குத் தெரிவதைப் படிப்போம்.

சாம்பல் நிறத்தில், நாளாக ஆகக் கறுத்துப்போன அடைப்பு அமால்கம். ஜனங்கள் "வெள்ளி அடைப்பு" என்பார்கள். பெயரை நம்ப வேண்டாம்: எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதியில்தான் வெள்ளி, வெள்ளீயம், தாமிரம், சிலவற்றில் கொஞ்சம் துத்தநாகம். அதற்குப் பக்கத்து ஈறில் நீலம் கலந்த சாம்பல் புள்ளி தெரிந்தால், எப்போதோ அமால்கம் துணுக்கு சதைக்குள் புகுந்து பச்சை குத்தியது போல நின்றிருக்கிறது என்று அர்த்தம். அது ஒவ்வாமை இல்லை, ஆனால் பழைய அடைப்புக்குத் தடயம்.

முழுக்க எவர்சில்வர் போலப் பளபளக்கும் கேப், பெரியவர்களுக்கென்றால் வார்த்தெடுத்த நிக்கல்-குரோமியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நிக்கல் 60 முதல் 80 சதவீதம் வரை போகும். குழந்தைகளின் பால் பல்லில் இருக்கும் ரெடிமேட் ஸ்டீல் கேப் வேறு சாதி. அதில் நிக்கல் இதைவிட மிகக் குறைவு, ஆனாலும் உண்டு.

பொன்னிறக் கேப் என்றால் தங்கம் என்று நிம்மதி அடைய வேண்டாம். உண்மையான தங்கக் கலவையாக இருக்கலாம். தாமிர-அலுமினியக் கலவையும் அதே நிறம்தான். மட்ட உலோகத்தின் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூசினாலும் மஞ்சளாகத்தான் மின்னும். விலைதான் துப்பு. பவுன் விலை விற்கும் விலைக்கு, சில ஆயிரம் ரூபாயில் தங்கக் கேப் யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

பல் நிறக் கேப்பில் ஈறோரமாக ஒரு கரிய கோடு ஓடினால், அல்லது நாக்குப் பக்கம் உலோகப் பட்டை தெரிந்தால், அது பிஎஃப்எம். கோடு இல்லையென்றால்? முழு செராமிக்காகவும் இருக்கலாம், கை தேர்ந்த லேபில் செய்த பிஎஃப்எம்மாகவும் இருக்கலாம். இங்கே கண் தோற்றுவிடும்.

அப்புறம், மறந்துபோகிற உலோகங்கள். கீழ் முன்பற்களின் உட்புறம் ஒட்டிய மெல்லிய கம்பி; பல் சீரமைப்பு முடிந்து பத்து வருடமானாலும் அது அங்கேயே இருக்கும். வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் கேப்பைத் தாங்க நட்ட சின்னத் தூணான போஸ்ட். பல்செட்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கிக் கம்பி. தாடை எலும்பில் பதித்த செயற்கை வேரான இம்பிளான்ட்டும் அதன் திருகும். கம்பி போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும் நிக்கல்-டைட்டானியம் கம்பியில் எடைக்கு 55 சதவீதம் அளவில் நிக்கல்தான்.

படி 3: காகிதத்தைத் துரத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உலோகத்தின் பெயரைக் கண் சொல்லாது, காகிதம்தான் சொல்லும்.

கேப்பைச் செய்வது உங்கள் டாக்டர் அல்ல, பல் லேப். டாக்டர் அச்சு எடுத்து அனுப்பும்போது ஒரு லேப் சீட்டு போகும். திரும்பி வரும்போது ஒரு பில் வரும். இரண்டிலும் என்ன வகை என்று எழுதியிருக்கும். கிளினிக்கில் போய் "நீங்க என்ன மெட்டல் போட்டீங்க?" என்று கேட்டால் சண்டைக்கு வந்தவர் போலத் தெரியும். நாங்கள் முதலில் அப்படித்தான் கேட்டு, "எல்லாம் நல்ல குவாலிட்டிதாம்மா" என்ற பதிலோடு திரும்பினோம். இரண்டாம் தடவை எழுதிக் கொடுத்தோம்:

"டாக்டர், எனக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம் என்று தோல் மருத்துவர் சொல்கிறார். 46ஆம் பல்லில் போட்ட கேப்பின் லேப் பெயர், உலோகக் கலவையின் பிராண்டு பெயர், முடிந்தால் லாட் எண், கலவை விவரத் தாள் ஆகியவை வேண்டும். டெஸ்ட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கிறது."

தோல் மருத்துவர் பெயரைச் சொன்னதும் பேச்சின் தொனியே மாறியது. டாக்டரே லேபுக்குப் போன் போட்டார். மூன்று நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: உலோகக் கட்டிகள் வரும் டப்பாவின் லேபிள்.

அந்த லேபிளில் விவரம் இருக்க வேண்டும். பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 22674. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு தனிமத்தையும் அளவோடு சொல்ல வேண்டும் என்கிறது அது. நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும். பெரிலியமும் காட்மியமும் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது. லேபிளில் ஆங்கிலக் குறியீடுதான் இருக்கும்: நிக்கலுக்கு என்-ஐ, கோபால்ட்டுக்கு சி-ஓ, குரோமியத்துக்கு சி-ஆர், பல்லேடியத்துக்கு பி-டி, பாதரசத்துக்கு எச்-ஜி, தங்கத்துக்கு ஏ-யூ. இரண்டாம் எழுத்தை உற்றுப் பாருங்கள். சி-ஓவுக்கும் சி-ஆருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

பில்லில் வரும் சொற்களையும் உடைத்துப் பார்ப்போம். "நான் பிரஷியஸ்" என்றால் மட்ட உலோகம், நிக்கல்-குரோமியமோ கோபால்ட்-குரோமியமோ. "டிஎம்எல்எஸ்" என்ற பெயரில் பலர் ஏமாறுகிறார்கள். லேசர், கம்ப்யூட்டர் என்று விளக்கம் கேட்டதும் உலோகமே இல்லாத புது வகை என்று நினைத்துவிடுகிறோம். அது உலோகத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காகக் கட்டிய கூடு, பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம். அதில் கோபால்ட் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நிக்கல் ஆகாதவருக்கு நல்ல மாற்றாகலாம், கோபால்ட் ஆகாதவருக்கு ஆகாது. "ஜிர்கோனியா", "ஈமேக்ஸ்" இரண்டும் உலோகக் கூடு இல்லாதவை. ஜிர்கோனியாவுக்குப் பல் எண் போட்ட வாரண்டி அட்டை தருவது வழக்கம், பீரோவில் தேடுங்கள். இம்பிளான்ட் என்றால் டப்பாவிலிருந்து உரித்த ஸ்டிக்கர் உங்கள் ஃபைலில் ஒட்டப்பட்டிருக்கும்.

"ஜிர்கோனியாவும் ஓர் உலோகத்திலிருந்து வந்ததுதானே?" என்று என் மைத்துனர் மடக்கினார். சரிதான், ஆனால் அது ஜிர்கோனியத்தின் ஆக்சைடு. கெட்டியான செராமிக், உலோகம் போல எச்சிலில் அயனிகளை விடுவதில்லை என்றே சொல்லலாம். துரு எப்படி இரும்பில்லையோ அப்படி.

ஓர் எச்சரிக்கை. வார்ப்பில் மிஞ்சும் உலோகக் கட்டியைப் புதுக் கட்டியோடு சேர்த்து மறுபடி உருக்குகிற லேபுகள் உண்டு. அதனால் லேபிளில் இருக்கும் அளவு தசமம் பிசகாமல் உங்கள் வாயில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். எந்தெந்தத் தனிமம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

படி 4: காகிதம் கிடைக்காவிட்டால்

டாக்டர் ஊரை விட்டுப் போய்விட்டார், கிளினிக் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை வந்துவிட்டது. இதுவும் நடக்கும்.

எக்ஸ்ரே எங்கெங்கே உலோகம் ஒளிந்திருக்கிறது என்று காட்டும். போஸ்ட், இம்பிளான்ட் எல்லாம் முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரியும். என்ன உலோகம் என்று மட்டும் காட்டாது. ஜிர்கோனியாவும் வெள்ளையாகத்தான் விழும். பிஎஃப்எம் கேப்பில் உள்கூடு அடர்வெள்ளையாகவும் அதைச் சுற்றிய செராமிக் மங்கலாகவும் தெரிவதைப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லி வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். நிக்கல் காந்தத்தில் ஒட்டும்தான், ஆனால் குரோமியத்தோடு கலந்த பல் கலவைகள் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டவில்லை என்பதால் நிக்கல் இல்லை என்று ஆகாது.

டைமீதைல் கிளையாக்சிம் என்ற திரவம் நிக்கலைத் தொட்டால் ரோஸ் நிறமாகும். நகைகளைச் சோதிக்க இது கிட்டாகவே விற்கிறது. கழற்றி எடுத்த கேப்பிலும் வெளியே எடுக்க முடிகிற பல்செட்டுக் கம்பியிலும் சோதிக்கலாம். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். வாய்க்குள் ஒருநாளும் வேண்டாம். நிறம் மாறினால் நிக்கல் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாறாவிட்டால் முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் மேலே படியும் குரோமிய ஆக்சைடு மறைத்துவிடும்.

கழற்றிய கேப் கையில் இருந்தால் இன்னொரு வழி உண்டு, நம்மூர்க்காரர்களுக்கு ரொம்பப் பக்கத்திலேயே. நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் காரட் மீட்டர் என்பது எக்ஸ்ஆர்எஃப் கருவி. எக்ஸ் கதிரை அடித்து, திரும்பி வரும் கதிரின் சக்தியை வைத்து எந்தத் தனிமம் என்று சொல்லும். அக்காவின் கேப்பைக் கழற்றிய பிறகு, தெரிந்த ஒரு நகைக்கடையில் வைத்துப் பார்த்தோம். அந்தத் தம்பி ஒரு கணம் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பல்லாக்கா இது?" என்றான். உட்புறத்தை மேலே திருப்பி வைத்ததும் திரையில் முதல் வரியில் நிக்கல். லேபிள் சொன்னதும் அதுவே. ஆனால் அந்தக் கருவி தங்கக் கலவைக்காக அளவு திருத்தப்பட்டது; சதவீதத்தை அப்படியே எடுக்கக் கூடாது. மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும் என்பதால் செராமிக் பக்கத்தைக் காட்டினால் ஏமாற்றும்.

படி 5: உங்கள் பழைய கதையைக் கிளறுங்கள்

டெஸ்ட்டுக்குப் போகும் முன் ஒருநாள் உட்கார்ந்து யோசியுங்கள். தோல் மருத்துவர் இதைத்தான் முதலில் கேட்பார்.

நிக்கலுக்கு நம் வீடுகளில் சாட்சிகள் ஏராளம். கவரிங் தோடு, தாலிக் கயிற்றில் மாட்டிய ஊக்கு பட்ட இடத்தில் கறுத்துத் தடித்த தோல், தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸ் பட்டன் பட்ட வட்டம், வாட்ச் பட்டையின் கொக்கி. காது குத்துவதற்கு முன்பே பல்லுக்குக் கம்பி போட்ட பெண்களிடம் நிக்கல் ஒவ்வாமை குறைவாக இருந்ததாக ஐரோப்பிய ஆய்வுகள் சில சொல்கின்றன. வாய் வழியே முதலில் பழகினால் உடம்பு அதைச் சகித்துக்கொள்கிறது போல. ஒரு வயதில் தாய்மாமன் மடியில் காது குத்திக்கொள்ளும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

குரோமியத்துக்கு ஈர சிமென்ட்டும் தோல் செருப்பும். கொத்தனார் வேலையில் கை வெடித்தவர் கட்டாயம் சொல்ல வேண்டும். கோபால்ட் ஒவ்வாமை பலருக்கு நிக்கலோடு சேர்ந்தே இருக்கும். பாதரசத்துக்குச் சின்ன வயதில் முட்டியில் தடவிய சிவப்பு மருந்தான மெர்குரோகுரோமை நினைத்துப் பாருங்கள். சிவப்பழகுக் க்ரீம்கள் சிலவற்றிலும் பாதரசம் பிடிபட்டிருக்கிறது.

பல்லேடியம் வெளியில் அதிகம் தெரியாத பெயர். வெள்ளை நிற உயர் ரகக் கலவைகளில் இருக்கும். ஜப்பானில் காப்பீட்டில் போடும் வழக்கமான கலவையில் தங்கம் 12, பல்லேடியம் 20 சதவீதம். அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கவனிக்கவும். நிக்கல் ஆகாதவர்களில் பலருக்குப் பல்லேடியமும் டெஸ்ட்டில் சிவக்கும். "விலை உயர்ந்த உலோகம், ஒன்றும் செய்யாது" என்பது இங்கே செல்லாது. தங்கத்துக்கும் ஒவ்வாமை உண்டு. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2001இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. டைட்டானிய ஒவ்வாமை மிக அரிது.

படி 6: பேட்ச் டெஸ்ட்

ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு எடுக்கும் ரத்த அலர்ஜி பேனல் இதற்கு உதவாது. அது தூசி, இறால் போன்ற உடனடி ஒவ்வாமைகளைப் பார்ப்பது. தாமத ஒவ்வாமைக்குப் பேட்ச் டெஸ்ட்தான். தோல் மருத்துவர் செய்வார். மருத்துவக் கல்லூரிகளின் தோல் துறைகள் பலவற்றிலும் வசதி இருக்கிறது.

முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் பதித்த பட்டையை ஒட்டுவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பொருள். நிக்கல் சல்பேட் என்றால் வாஸ்லினில் 5 சதவீதம். 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒரு தடவை பார்ப்பார்கள், மூன்றாம் அல்லது நான்காம் நாள் இன்னொரு தடவை, ஏழாம் நாள் வாக்கில் மீண்டும் ஒரு தடவை. கடைசித் தடவையை விட்டுவிடாதீர்கள். தங்கமும் பல்லேடியமும் நிதானமாகத்தான் சிவக்கும். தங்கம் சில சமயம் ஒரு வாரம் தாண்டியும் வரும்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தியன் ஸ்டாண்டர்டு சீரீஸ் என்ற வழக்கமான தொகுப்பில் நிக்கல், கோபால்ட், குரோமேட் இருக்கும். பாதரசம், பல்லேடியம், தங்கம் வேண்டுமென்றால் பல் பொருள்களுக்கான டென்டல் சீரீஸ் தனியாக வேண்டும். படி 2, 3இல் செய்த பட்டியலைக் கையில் கொடுத்து, "இதில் உள்ளவை எல்லாம் வரும்படி வையுங்கள்" என்று சொல்லுங்கள். பல்லேடியத்துக்கு சோடியம் டெட்ராகுளோரோபல்லடேட் என்ற உப்பு பழைய பல்லேடியம் குளோரைடைவிட அதிகம் பேரைக் கண்டுபிடிக்கிறது. கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சித்திரை, வைகாசியில் போகாதீர்கள். வியர்வையில் பட்டை உரிந்துவிடும். அக்காவுக்கு முதல் தடவை மே மாதத்தில் ஒட்டி, பஸ்ஸில் வீடு வருவதற்குள் பாதி நழுவி, பணம் வீண். மார்கழியில் மறுபடி செய்தோம். அந்த வாரம் முதுகை நனைக்காமல் குளிக்க வேண்டும். முதுகில் ஸ்டீராய்டு க்ரீமோ வெயிலோ படக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும், தானாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தள்ளிவைப்பார்கள்.

முடிவில் கூட்டல் குறிகள் வரும். ஒன்று லேசு, மூன்று கடுமை. கேள்விக்குறியோடு வந்தால் சந்தேகம். கோபால்ட் வைத்த இடத்தில் ஊசி குத்தியது போலத் தனித்தனிப் புள்ளிகள் மட்டும் வந்தால் அது எரிச்சலே தவிர ஒவ்வாமை அல்ல. படித்துச் சொல்வதை மருத்துவரிடமே விடுங்கள். டைட்டானியத்துக்கு மட்டும் இந்த டெஸ்ட்டை நம்ப முடியாது.

படி 7: இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள்

அக்காவின் தாளில் நிக்கல் எதிரே இரண்டு கூட்டல். 46ஆம் பல் எதிரே நிக்கல்-குரோமியம். பொருந்தியது. அப்போதும் டாக்டர் உடனே கேப்பை அறுக்கவில்லை. விளிம்பில் அழுக்குச் சேர்கிறதா என்று பார்த்து, சுத்தம் செய்து, ஒரு மாதம் காத்திருந்தார். அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் அவர் செய்தது சரி. நிக்கல் டெஸ்ட்டில் சிவக்கிற பலர் வாயில் நிக்கல் கேப்போடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். அறிகுறி, டெஸ்ட், உலோகம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும். கேப்பை அறுத்து எடுத்தால் மறுபடி போட முடியாது, உள்ளே இருக்கும் பல்லும் கொஞ்சம் தேயும்.

அமால்கம் விஷயத்தில் பயம் இன்னும் கூடுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது, உண்மை. அதற்குப் பெரிய காரணம் சுற்றுச்சூழலில் சேரும் பாதரசம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் சொன்னது வேறு: நன்றாக இருக்கும் அமால்கத்தைச் சும்மா பிடுங்க வேண்டாம், ஏனென்றால் பிடுங்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும். பாதரச ஒவ்வாமை உறுதியாகி, பக்கத்திலேயே வெள்ளைக் கோடுகள் இருந்தால் மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டாம் மாட்டி, தண்ணீர் பீய்ச்சி, வலுவான உறிஞ்சுகுழாய் வைத்து, பொடியாக்காமல் துண்டு துண்டாக எடுப்பவரிடம் போங்கள்.

வாயில் பல உலோகம் இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். அதிகம் சந்தேகப்படும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள். குணம் தெரிய வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். அக்காவின் ஈறு மூன்று வாரத்தில் தெளிந்தது. விரல்களுக்கு நாலு மாதம் பிடித்தது. எடுத்த கேப்பைக் கேட்டு வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, பல் எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள். குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டால் சாட்சி போச்சு.

படி 8: அடுத்த கேப்பை ஆர்டர் செய்யும்போது

"மெட்டல் வேண்டாம்" என்று சொல்வது போதாது என்பதற்கு அக்காவே சாட்சி. "முழு ஜிர்கோனியா, உள்ளே உலோகக் கூடு இல்லாமல்" என்று சொல்லுங்கள். லேப் சீட்டில் அதை எழுதுவதை நேரில் பாருங்கள். போஸ்ட் வைப்பதாக இருந்தால் அது ஃபைபரா உலோகமா என்று கேளுங்கள். கேப்பை மாற்றிவிட்டு உள்ளே நிக்கல் போஸ்ட்டை விட்டு வைப்பதும் நடக்கிறது. பல் நிறத்தில் வைக்கும் கம்போசிட் அடைப்பில் உலோகம் இல்லை, ஆனால் அதன் பிசினில் உள்ள மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது. ஜெல் நெயில் பாலிஷ் போட்டு விரல் நுனி வெடித்தவர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கேப் வந்ததும் வாரண்டி அட்டை, லேப் சீட்டு, பில் மூன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "நிக்கல் ஒவ்வாமை" என்று எழுதச் சொல்லுங்கள். முழங்கால் மூட்டு மாற்று, எலும்பு முறிவுக்குத் தகடு என்று நாளைக்கு வந்தாலும் ஆர்த்தோ டாக்டர் கேட்கப்போவது அதே கேள்விதான். அக்கா பேட்ச் டெஸ்ட் முடிவை லேமினேட் செய்து ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.